கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து ரயில் டிக்கெட்: இணையத்தில் செலவைக் குறைத்து எடுப்பது எப்படி?

"ஏனுங்க, ரயில் டிக்கெட் எந்த ஆப்புல சீப்பாக் கிடைக்கும்?" திருப்பூர் பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவரும் கேட்கிறார், கோவைக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த பிள்ளையும் கேட்கிறது. எந்த ஆப்பிலும் கிடைக்காது என்பதுதான் பதில். ரயில் கட்டணத்தை ரயில்வே வாரியம் நிர்ணயிக்கிறது. ஒரே வண்டி, ஒரே வகுப்பு, ஒரே தூரம் என்றால் டிக்கெட் விலை எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். விமான டிக்கெட்டைத் தேடுவதுபோல நாலு தளங்களைத் திறந்துவைத்துத் தேடுவது வீண் வேலை.

அப்படியானால் ஒரே ஊருக்கு ஒருவர் இருநூற்றுச் சொச்சத்திலும் இன்னொருவர் ஆயிரத்துக்கு மேலும் கொடுத்துப் போவது எப்படி? வண்டி, வகுப்பு, ஏறும் நிலையம், எடுக்கும் நாள், டிக்கெட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும் சில்லறைக் கட்டணங்கள் என்று ஐந்து இடங்களில் பணம் கூடும் அல்லது குறையும். இந்த ஐந்தையும் கொங்குப் பகுதிக்கு ஏற்றபடி சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அதனால் ஊர்வாரியாக விலைப்பட்டியல் போடப் போவதில்லை. திரையில் தெரியும் விலையே கணக்கு.

முதலில் கணக்கு

முன்பதிவு டிக்கெட்டுக்கு ரயில்வேயின் டிக்கெட் நிறுவனமான ஐஆர்சிடிசியின் இணையதளம், அதன் 'ரயில் கனெக்ட்' செயலி, 2025 ஜூலையில் வந்த 'ரயில்ஒன்' செயலி என மூன்று வழிகள் உண்டு. முன்பதிவில்லாத சாதாரண டிக்கெட்டையும் ரயில்ஒன்னிலேயே எடுக்கலாம் என்பதால் புதியவர்கள் அதிலிருந்து தொடங்குவது சுலபம். செல்போன் எண், மின்னஞ்சல், பெயர் கொடுத்துக் கணக்கைத் திறந்த கையோடு ஆதாரையும் இணைத்துவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் அவசரத்துக்கு மாட்டிக்கொள்வீர்கள். 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில் மட்டுமே, கடைசி நேர முன்பதிவான தட்காலை ஆன்லைனில் எடுக்க முடியும். 2025 அக்டோபரில் சாதாரண முன்பதிவு திறக்கும் தொடக்க நிமிடங்களுக்கும் இந்த விதி வந்தது, 2026 ஜனவரியிலிருந்து முன்பதிவு திறக்கும் முதல் நாள் முழுக்கவே ஆன்லைனில் ஆதார் உள்ளவர்களுக்குத்தான் கதவு திறக்கிறது. ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் கணக்கில் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். 'எஸ். முருகேசன்' என்று ஒரு இடத்திலும் 'முருகேசன் எஸ்' என்று இன்னொரு இடத்திலும் இருந்தாலே தகராறு வரும்.

அடிக்கடி கூட வரும் வீட்டு ஆட்களின் பெயர்களையும் வயதையும் 'மாஸ்டர் லிஸ்ட்'டில் சேர்த்துவிட்டால், அவசர நேரத்தில் தட்டச்சு செய்துகொண்டு உட்கார வேண்டியதில்லை.

பக்கத்து ஊரா? முன்பதிவே வேண்டாம்

கோவையிலிருந்து சேலம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு ஸ்லீப்பரோ ஏசியோ போடுவது காசைக் கரைக்கும் வேலை. ஸ்லீப்பர் வகுப்பில் எவ்வளவு குறைவான தூரம் போனாலும் 200 கிலோமீட்டருக்கான கட்டணம் வாங்குவார்கள், மூன்றடுக்கு ஏசியில் 300 கிலோமீட்டருக்கு. ஈரோட்டில் ஏறித் திருப்பூரில் இறங்குபவர் ஏசியில் டிக்கெட் போட்டால், போகாத இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

இந்த ஊர்களுக்குள் போக மெமு என்ற குறுந்தூர மின்சார வண்டிகளும் பாசஞ்சர் வண்டிகளும் இருக்கின்றன. சாதாரணக் கட்டணம் 10 ரூபாயில் தொடங்குகிறது. ஊத்துக்குளி, சோமனூர், இருகூர், பீளமேடு போன்ற சின்ன நிலையங்களுக்குப் போகிறவர்களுக்கு இதைவிடச் சல்லிசான வண்டி கிடையாது. ரயில்ஒன்னில் 'முன்பதிவில்லாத டிக்கெட்' பகுதிக்குப் போய் ஊரைத் தேர்ந்தெடுத்தால் வண்டி வகையைக் கேட்கும். ஆர்டினரி, மெயில்/எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் என்று மூன்று. இங்கேதான் கவனம் வேண்டும். ஆர்டினரி டிக்கெட் எடுத்துக்கொண்டு கோவை எக்ஸ்பிரஸில் ஏறினால் அந்த டிக்கெட் செல்லாது. டிக்கெட் இல்லாமல் போனால் அபராதமே குறைந்தது 250 ரூபாய், கட்டணம் தனி. மெயில்/எக்ஸ்பிரஸ் டிக்கெட் 30 ரூபாயில் தொடங்குகிறது, சூப்பர்ஃபாஸ்ட் என்றால் அதன் மேல் 15 ரூபாய். வண்டி எண் 12, 20, 22 என்று தொடங்கினால் அது பெரும்பாலும் சூப்பர்ஃபாஸ்ட். 16 என்று தொடங்கினால் சாதாரண எக்ஸ்பிரஸ்.

செயலியில் உள்ள ஆர்-வாலட்டில் பணம் போட்டு வைத்து எடுத்தால் 3 சதவீதம் மிச்சம். தினமும் போகிறவருக்கு இது கணிசம். ஆனால் தினமும் போகிறவர் ஒற்றை டிக்கெட் எடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. 150 கிலோமீட்டர் வரைக்கும் மாதச் சீசன் டிக்கெட் உண்டு. பதினைந்து ஒற்றைப் பயணங்களுக்கு ஆகிற செலவில் ஒரு மாதம் முழுக்கப் போய்வரலாம். திருப்பூரில் வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் ஊத்துக்குளியிலோ ஈரோட்டிலோ தங்கிக்கொண்டு தினம் வந்துபோகிறவர்கள் பிழைப்பதே இந்தச் சீசன் டிக்கெட்டால்தான்.

இன்னொன்று. 199 கிலோமீட்டர் வரைக்குமான முன்பதிவில்லாத டிக்கெட்டை எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் வண்டி ஏறிவிட வேண்டும். சாயங்காலம் போகப் போகிறீர்கள் என்றால் காலையிலேயே எடுத்து வைக்காதீர்கள்.

எந்த வண்டி, எந்த வகுப்பு?

சென்னைக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது வந்தே பாரத். நல்ல வண்டிதான், 2023 ஏப்ரலிலிருந்து ஓடுகிறது. அதே பாதையில் காலையில் கோவையில் கிளம்பும் இன்டர்சிட்டியும் பிற்பகலில் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸும் இருக்கின்றன. இரண்டிலும் 'செகண்ட் சிட்டிங்' என்ற உட்கார்ந்து போகும் முன்பதிவுப் பெட்டிகள் உண்டு. திரையில் 2எஸ் என்று இருக்கும். ஸ்லீப்பரைவிட இது வெகுவாகக் குறைவு, வந்தே பாரத்தின் விலையோடு ஒப்பிடவே வேண்டாம். பகலில் போக முடிந்தவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். வெயில் காலத்தில் ஜோலார்பேட்டை தாண்டும்போது பெட்டி வெந்துபோகும், அதை மறைக்கவில்லை. ஆனால் மிச்சமாகும் காசுக்கு அந்த வெக்கையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ராத்திரிப் பயணம் என்றால் கோவையிலிருந்து சேரன், மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி, ஈரோட்டிலிருந்து ஏற்காடு. மூன்றாவது ஈரோட்டுக்காரர்களுக்குக் கிடைத்த வரம். அங்கேயே கிளம்புகிற வண்டி என்பதால் ஈரோட்டுக்கென்று நிறைய இடம் இருக்கும். இந்த வண்டிகளில் மூன்றடுக்கு ஏசிக்கு ஸ்லீப்பரைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் ராத்திரி வண்டியில் ஏசி எதற்கு? ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஸ்லீப்பரில் தூங்கிவிட்டுப் போகலாம். சித்திரையில் வேறு கதை.

பெங்களூருக்கும் இதே கணக்குதான். வந்தே பாரத்தும் உதய் எக்ஸ்பிரஸும் வசதி. காசு முக்கியம் என்றால் எர்ணாகுளத்திலிருந்து வரும் இன்டர்சிட்டியில் செகண்ட் சிட்டிங் போடுங்கள், கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் எல்லாவற்றிலும் நிற்கும். மதுரைப் பக்கம் போகிறவர்களுக்குப் பொள்ளாச்சி, பழனி வழியாக ஒரு பாதை, கரூர், திண்டுக்கல் வழியாக ஒரு பாதை. இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வந்தே பாரத்திலேயே போவது என்று தீர்மானித்துவிட்டீர்களா? டிக்கெட் போடும்போது சாப்பாடு வேண்டுமா என்று கேட்கும். 'வேண்டாம்' என்று தேர்ந்தெடுத்தால் அந்தப் பணம் கட்டணத்திலிருந்து கழியும். இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிற ஊர் நம்முடையது, அந்தக் காசை எதற்கு விட வேண்டும்?

ராஜதானி, சதாப்தி, துரந்தோ வகை வண்டிகளில் 'ஃப்ளெக்சி' கட்டணம் என்று ஒன்று உண்டு. இடங்கள் நிரம்ப நிரம்ப அடிப்படைக் கட்டணம் ஒன்றரை மடங்கு வரை ஏறும். 'பிரீமியம் தட்கால்' என்பதும் அந்த ரகம்தான். சீக்கிரம் எடுத்தால் விலை குறைவு என்ற பேச்சு இந்த மாதிரி இடங்களில் மட்டும் உண்மை. மற்ற வண்டிகளில் சீக்கிரம் எடுத்தாலும் விலை அதேதான், இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த இடம் கிடைப்பதில்தான் பெரிய மிச்சமே இருக்கிறது, ஏனென்றால் இடம் இல்லாதபோதுதான் தட்காலுக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் ஓடுகிறோம்.

அறுபது நாள் கணக்கு

2024 நவம்பர் 1 முதல் பயணத் தேதிக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது. பொங்கலுக்கு ஜனவரி 12 அன்று ஊருக்குப் போகிறீர்கள் என்றால் நவம்பர் 13 காலை 8 மணிக்குத் திறக்கும். திருப்பூரிலிருந்து தென்மாவட்டங்களுக்குப் போகிற நாகர்கோவில் வண்டிகளில் பண்டிகை நாட்களுக்கு இடம் நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். காலண்டரில் அன்றைக்கே வட்டம் போட்டு வையுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. நாள் எண்ணுவது வண்டி கிளம்புகிற ஊரின் தேதியை வைத்து. கேரளத்தில் மாலையில் கிளம்பி, நள்ளிரவு தாண்டி நம் ஊருக்கு வரும் வண்டிக்கு, நாம் ஏறும் தேதிப்படி எண்ணினால் ஒரு நாள் தாமதமாகிவிடும். அதற்குள் பாதி இடம் போயிருக்கும். தட்காலுக்கும் இதே விதிதான்.

வண்டி எண் சுழியத்தில் தொடங்கினால் அது சிறப்பு ரயில். பண்டிகைக்கு விடும் இந்த வண்டிகளில் பல சிறப்புக் கட்டணத்தில் ஓடுபவை, வழக்கமான வண்டியைவிட விலை கூட இருக்கும். இருந்தாலும் தீபாவளிக்கு முந்தின நாள் ஆம்னி பஸ்காரர்கள் கேட்கும் விலையோடு பார்த்தால் இது தேவலை. இந்த வண்டிகளை அறிவிப்பதே தாமதமாகத்தான் என்பதால், அறுபதாவது நாளில் ஏமாந்தவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு.

இடம் இல்லை என்று காட்டினால்

கொங்குப் பகுதிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒரு வண்டியில் எல்லா இடமும் எல்லா ஊருக்கும் பொது கிடையாது. கிளம்பும் ஊரிலிருந்து சேரும் ஊர் வரைக்கும் போகிறவர்களுக்குப் பெரும்பங்கு, நடுவில் ஏறுகிறவர்களுக்குச் சின்னப் பங்கு. திருப்பூரில் ஏறுகிறவர் பெரும்பாலும் நடுவழிப் பயணிதான். சேரனில் 'திருப்பூர் முதல் சென்னை' என்று தேடினால் வெயிட்டிங் லிஸ்ட் காட்டும், 'கோவை முதல் சென்னை' என்று தேடினால் இடம் இருக்கும். இது அபூர்வம் ஒன்றும் இல்லை.

அப்போது கோவையிலிருந்து டிக்கெட் எடுங்கள், ஏறும் நிலையம் என்ற இடத்தில் திருப்பூரைத் தேர்ந்தெடுங்கள். கூடுதல் 50 கிலோமீட்டருக்கு ஸ்லீப்பரில் ஆகிற செலவு சொற்பம். தட்கால் போட்டால் ஸ்லீப்பரில் தலைக்கு 100 முதல் 200 ரூபாய் வரையும், மூன்றடுக்கு ஏசியில் 300 முதல் 400 வரையும் கூடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது லாபம் என்று தெரிந்துவிடும். ஏறும் நிலையத்தை மாற்றிவிட்டால் பிறகு கோவையில் ஏற உரிமை கிடையாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வெயிட்டிங் லிஸ்ட்டிலும் சாதி உண்டு. ஜிஎன்டபிள்யூஎல் என்றால் பொதுப் பட்டியல், நகர்வதற்கு வாய்ப்பு அதிகம். பிக்யூடபிள்யூஎல், ஆர்எல்டபிள்யூஎல் என்பவை நடுவழிப் பங்குக்கானவை, நகர்வது மெதுவாகத்தான். பொதுப் பட்டியலில் இருபதாவது இடமும் மற்றதில் இருபதாவது இடமும் ஒன்றல்ல. ஆர்ஏசி கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், உட்கார இடம் உறுதி, யாராவது ரத்து செய்தால் பெர்த்தும் வரும். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லோருமே கடைசிவரை வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தால் அது தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பும். அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது.

போத்தனூரையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். கோவை சந்திப்புக்குள் வராமல் போத்தனூர், இருகூர் வழியாகவே போய்விடும் நெடுந்தூர வண்டிகள் இருக்கின்றன. கோவை என்று மட்டும் தேடினால் அவை கண்ணில் படாமல் போகலாம். அதேபோல சென்னையில் சென்ட்ரலோடு பெரம்பூரையும் பாருங்கள்.

ஒரு பயணத்தை இரண்டு துண்டாக வெட்டி எடுத்தால் விலை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் நாட்டு ரயிலில் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான விலை குறையும், அதனால் முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட்தான் லாபம். துண்டு போட்டால் முன்பதிவுக் கட்டணமும் இரண்டு தடவை. நேரடி வண்டியில் இடமே இல்லாதபோது, ஈரோடு வரை மெமுவில் போய் அங்கிருந்து ஏற்காடு பிடிப்பது வேறு விஷயம்.

கடைசி நேரத்து இரண்டு வழிகள்

தட்கால், வண்டி கிளம்பும் ஊரின் தேதிக்கு முந்தின நாள் திறக்கும். ஏசிக்குக் காலை 10 மணி, ஏசி இல்லாததற்கு 11 மணி. முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகள் எடுக்க முடியாது என்று 2025 ஜூலையில் விதி வந்தபிறகு நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. ஓடிபி வரும் செல்போனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உறுதியான தட்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது, ஆகவே "எதற்கும் இருக்கட்டும்" என்று போடாதீர்கள்.

மற்றது பலருக்குத் தெரியாதது. வண்டி கிளம்பும் முன் போடும் பயணிகள் பட்டியலான சார்ட் தயாரான பிறகும் காலியாக இருக்கும் இடங்களை 'கரன்ட் புக்கிங்' என்று விற்பார்கள், அதுவும் அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதம் குறைத்து. செவ்வாய், புதன் மாதிரி நாட்களில், பகல் வண்டிகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஞாயிறு ராத்திரி சென்னை வண்டியில் இதை நம்பி நிலையத்துக்குப் போனால் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில்தான் முடியும்.

பணம் கட்டும் பக்கத்தில்

ஐஆர்சிடிசி வாங்கும் வசதிக் கட்டணம், யுபிஐயில் கட்டினால் ஏசி இல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20. கார்டிலோ நெட் பேங்கிங்கிலோ கட்டினால் 15, 30. இதன்மேல் ஜிஎஸ்டி. இது டிக்கெட்டுக்கு ஒரு தடவைதான், தலைக்கு இல்லை. ஒரே டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம் என்பதால் குடும்பத்தோடு போகிறவர்கள் தனித்தனியாக எடுக்க வேண்டாம். நிலையத்துக் கவுன்டரில் எடுத்தால் இந்தக் கட்டணமே கிடையாது. வீட்டுக்குப் பக்கத்திலேயே நிலையம் இருந்தால் அதுதான் மிக மலிவான 'தளம்'. பயணக் காப்பீட்டுக்குத் தலைக்கு 45 பைசா கேட்கும், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தனியார் செயலிகளில் டிக்கெட் போட்டால் அவர்களுடைய சேவைக் கட்டணம் தனி. 'இலவச ரத்து' என்று ஒரு பெட்டியில் முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருப்பார்கள், அதற்கும் காசு போகும். வெயிட்டிங் லிஸ்ட் நகருமா என்று கணித்துச் சொல்லும் வசதிக்காக அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். டிக்கெட்டை ஐஆர்சிடிசியிலேயே எடுங்கள்.

பிள்ளைகள் விஷயம்: 5 வயதுக்குள் என்றால் தனி பெர்த் கேட்காதவரை டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் என்றால் பெர்த் வேண்டாம் என்று சொன்னால் பாதிக் கட்டணம், பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். உட்கார்ந்து போகும் 2எஸ், சேர் கார் வகுப்புகளில் அந்தப் பாதிக் கட்டண வழி கிடையாது. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதோடு சரி. வயதைச் சரியாகப் போட்டால் கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் முன்னுரிமை மட்டும் கிடைக்கும்.

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் சொந்தக் கணக்கிலிருந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்து நூறு, இருநூறு கூடுதலாக வாங்குவது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி குற்றம். பிடிபட்டால் உங்கள் டிக்கெட்டும் செல்லாமல் போகும். ஆன்லைன் தெரியாத பெரியவர்கள் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்டிடமோ கவுன்டருக்கோ போகட்டும்.

மலை ரயிலைக் கேட்காமல் விடமாட்டீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் காலை 7.10 வண்டிக்கும் இதே ஐஆர்சிடிசியில்தான் டிக்கெட், நிலையத்தின் பெயரை 'உதகமண்டலம்' என்று தேடுங்கள். சுற்றுலா ஏஜென்ட்டின் 'பேக்கேஜ்' எதுவும் தேவையில்லை. அறுபதாவது நாள் காலையில் கிடைக்கவில்லை என்றால், பஸ்ஸில் குன்னூர் போய் அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயில் ஏறுங்கள். அந்தப் பகுதியில் ஒரு நாளைக்குப் பல வண்டிகள் ஓடுகின்றன, செலவும் குறைவு.